எட்டுத் துண்டாக வந்த தச்சன்

போன வியாழக்கிழமை காலை என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. வானத்தில் ஒரு கறுத்த மேகமும் தெரிந்தது.

கூரை ஓடுகளைப் பிரிக்கச் சொன்னவன் நானேதான். ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்கள், அதாவது கைமரங்கள், கரையானுக்கு விருந்தாகிவிட்டன. விரலை வைத்தால் விரல் உள்ளே போனது. பழையதை இறக்கு, புதியதை ஏற்று, சாயங்காலத்துக்குள் ஓட்டை வேய்ந்துவிடு... ஒரு நாள் வேலை. அப்படித்தான் என் மனைவி சரோஜாவிடம் சொல்லியிருந்தேன். ஏற்காட்டு மழையிடம்தான் சொல்ல மறந்துவிட்டேன்.

யாரை வைத்து வேலை? என் பெருந்தன்மை இந்த இடத்தில்தான் வருகிறது.

ஏற்காட்டில் ஒரு ஜன்னல் கதவு மாட்டுவதென்றாலும் சேலத்திலிருந்து ஆள் வர வேண்டும். அவர் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, வந்து சேர்ந்து, டீ குடித்து, குளிர் தாங்கவில்லை என்று மத்தியான பஸ்ஸில் இறங்கிவிடுவார். இந்தக் கொடுமை தீரத்தான் கொட்டச்சேட்டுப் பாதையில் ஒரு பழைய காப்பி குடோனில் மரவேலைப் பயிற்சி தொடங்கினார்கள். மலைக் கிராமத்து இளைஞர்கள் எட்டுப் பேர். அதைப் பாராட்டி இதே பக்கத்தில் உருகி உருகி எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? எழுதிவிட்டால் போதுமா? பயிற்சி முடித்தவர்களுக்கு முதல் வேலையை நானே கொடுத்தேன்.

"ரெண்டு பேர் வந்தா போதும்" என்று சொல்லி அனுப்பினேன். ஏழு பேர் வந்தார்கள்.

ஓடுகளை மளமளவென்று இறக்கினார்கள். பழைய சட்டங்களையும் இறக்கியாயிற்று. அதற்கப்புறம்தான் விசித்திரம் ஆரம்பித்தது. செம்மநத்தத்துப் பழனி – இவன்தான் கூட்டத்துக்குத் தலைவன் – ரம்பத்தை எடுத்து ஒரு சட்டத்தை அறுத்தான். மற்ற ஆறு பேரும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அறுத்து முடித்ததும் பழனி உட்கார்ந்தான். மரம் சீவும் இழைப்புளியோடு இன்னொருவன் எழுந்தான். அவன் உட்கார்ந்ததும் மூலைமட்டத்தோடு ஒருவன் வந்து, மரத்தின் ஓரத்தில் அதை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, பெரிய கடமையை முடித்த முகத்தோடு போய் பீடி பற்றவைத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவனிடமே கேட்டேன்.

"ஏங் கண்ணு, சும்மாதான உக்காந்திருக்கற? அந்த ரம்பத்த எடுத்து அடுத்த மரத்த அறுக்கலாமில்ல?"

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "அது பழனியண்ணனோட ரம்பமுங்க."

"இருக்கட்டுமே."

"தொடக் கூடாதுங்க."

பழனிதான் விளக்கினான். பயிற்சிக்கு வந்ததே ஒரு செட் சாமான்தானாம். யார் எதை எடுப்பது என்று தினமும் அடிதடி. மாஸ்டர் பார்த்தார், ஆளுக்கு ஒரு சாமானைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். நடுவில் ஆயுதபூசை வந்தது. அவரவர் சாமானுக்கு அவரவர் பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். பொட்டு வைத்தபின் அது வைத்தவனுக்கே சொந்தம். வேறு கை படக்கூடாது.

"பட்டா என்னாகும்?"

"காயம் படுமுங்க. எங்க மாமன் அடுத்தவங்க கோடாலியத் தொட்டுப்போட்டாருங்க. மறுநாளே பெருவெரலு போச்சு."

எனக்கு மெதுவாகப் புரிந்தது. அந்தக் குடோனில் உருவாக்கியது எட்டுத் தச்சர்களை இல்லை. ஒரே ஒரு தச்சனை. அவன் எட்டுத் துண்டாக இருக்கிறான்... வந்திருப்பது ஏழு துண்டு.

"எட்டாவது ஆள் எங்கே?"

"சின்னானுங்களா? அக்கா புள்ளைக்குக் காதுகுத்துங்க, கொட்டச்சேட்டுல."

"அவன்கிட்ட என்ன சாமான்?"

"உளிங்க."

"உளி இல்லாம ஆகாதா?"

பழனி அனுதாபத்தோடு பார்த்தான். "செவுத்து மேல கெடக்கற உத்தரத்துல கைமரம் உக்காரோணுமில்லீங்க? ஒவ்வொரு மரத்துலயும் பள்ளம் கொத்தோணும். ரம்பத்துல ரெண்டு பக்கம் அறுத்துத் தாரேன். நடுவுல இருக்கறதப் பேத்தெடுக்க உளிதானுங்க வேணும்."

மேகம் இப்போது ஒன்றல்ல. உள்ளே கட்டில், மெத்தை, ரேடியோ, அரிசி மூட்டை, சரோஜா – எல்லாம் திறந்த வெளியில். பழனியும் மேலே பார்த்தான். "மொத வேலைங்க. இந்த ஊடு நனைஞ்சுதுன்னா மறுபடி சேலத்துக்காரங்களத்தான் கூப்புடுவாங்க. நாங்க காப்பிக்கொட்ட பொறுக்கத்தான் போகோணும்."

ஒண்டிக்கடைக் கடைத்தெருவுக்கு ஓடினேன். இரும்புக்கடை பாய் நிதானமாகக் கேட்டார், நிதானமாகத் தேடினார். "உளி தீந்து போச்சுங்களே. சேலத்துக்குச் சொல்லித்தான் வரோணும். ரம்பம் இருக்குது, நல்ல ரம்பம். தரட்டுங்களா?"

எஸ்டேட் ஜீப் ஒன்று கொட்டச்சேட்டுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தது. தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் மழை வருகிறதா என்று தலையை வெளியே நீட்டி, கிளையில் இடித்துக்கொண்டது தனிக் கதை.

காதுகுத்து வீட்டில் பந்தலுக்கு நடுவே சின்னான் மணையில் உட்கார்ந்திருந்தான். மடியில் மொட்டை அடித்த குழந்தை. காது குத்துகிறவர் இன்னும் வரவில்லை.

"ஜீப் நிக்குது, வாப்பா" என்றேன்.

"எப்படிங்க வாரது? தாய்மாமன் மடியில வெச்சுத்தான் குத்தோணும். இப்ப எந்திரிச்சா எங்கக்கா என்னையக் குத்திப்போடும்."

அக்கா பக்கத்திலேயே நின்றாள். குத்தக்கூடியவளாகத்தான் தெரிந்தாள்.

"அப்ப என் வீடு?"

சின்னான் யோசித்தான். "அந்த ஆணியில மஞ்சப்பை தொங்குதுங்களா? அதுக்குள்ள உளி இருக்குது. நீங்களே எடுத்துக்குங்க." சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். நான் பையில் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

தூறலும் நானும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உளியை உயர்த்திக் காட்டினேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஏழு பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"ஏனுங்க... நீங்களா எடுத்தீங்க?" என்றான் பழனி. "கையாலயா?"

"பின்ன காலாலயா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் நான் கொஞ்சமும் எதிர்பாராதது நடந்தது. எல்லார் முகத்திலும் மெல்ல வெளிச்சம் வந்தது.

"அப்பறமென்னங்க" என்றான் பழனி, என் கையிலிருந்து உளியைச் சாதாரணமாக வாங்கிக்கொண்டு. "மொதல்ல தொடறவங்களுக்குத்தான் அடி. அதோட கட்டு வுட்டுப்போயிரும். இனி ஆரு வேணா தொடலாமுங்க."

"மொதல்ல தொடறவங்களுக்கு..."

"அது நீங்கதானுங்க."

"யாராச்சும் ஒருத்தருக்கு ஆகித்தான தீரோணும்" என்றாள் சரோஜா, ரேடியோவுக்குக் குடை பிடித்தபடி. ரேடியோவுக்குத்தான். எனக்கில்லை.

அவ்வளவுதான். ஏழு பேரும் உளிக்கு அடித்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் சின்னான் கொத்துவதைப் பார்த்துப் பார்த்துக் கை ஊறிக் கிடந்தவர்கள் போலிருக்கிறது. ஒருவன் கொத்த, ஒருவன் பிடுங்க, "நீ வுடு, நான் பாக்கறேன்" என்று இன்னொருவன் இடிக்க... பள்ளங்கள் எலி கடித்த தேங்காய் மாதிரி இருந்தன. மரங்கள் என்னவோ உட்கார்ந்தன. மெத்தை பாதி நனைந்தது, அரிசி தப்பியது. கடைசி ஓட்டை வைத்துவிட்டுப் பழனி மேலேயே நின்றான், கீழே இறங்க மனசில்லாமல். மழை வலுத்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. நான் சுவரோரம் நின்று என் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஆபீஸில் ரப்பர் ஸ்டாம்பு யாரிடம் இருக்கிறது? அவர் லீவு போட்ட அன்றைக்குக் கோப்பு நகருமா? பொட்டு வைக்காமலேயே நாமெல்லாரும் இப்படித்தான் ஒவ்வொரு சாமானைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் பேனாவை வேறு யாராவது தொட்டால் நானே எகிறிக் குதிப்பேன். ஒரு தொழிலுக்கு ஆள் பழக்குவது என்றால் சாமானைக் கொடுப்பது மட்டுமா? கையிலிருந்து கைக்கு அது மாற வேண்டாமா? மாறுவதற்கு யாராவது ஒரு முட்டாள் முதலில் தொட வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மாஸ்டரே வீடு தேடி வந்தார். கூரையைப் பார்த்தார். பள்ளங்களைப் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சார் தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்படியும் மாட்டிக்கிட்டீங்க. குடோனுக்கு ஒருதரம் வந்து மத்த ஏழு சாமானையும் தொட்டுக் குடுத்தீங்கன்னா, பசங்க எல்லாத்தையும் பழகிக்குவாங்க."

போனேன். தொட்டேன். ரம்பத்தைத் தொடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். சின்னான் அன்றைக்கே இழைப்புளியை எடுத்துப் பெஞ்சு முழுக்கச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளினான்.

பத்து விரலும் இதுவரை பத்திரமாகத்தான் இருக்கின்றன – சரோஜா காய் நறுக்கச் சொன்னால் மட்டும், டாக்டர் கத்தியைத் தொடக் கூடாதென்றிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.