கம்பத்தில் இருக்கும் பெரியம்மா

எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடி கிடையாது. மூன்றுக்கு அப்புறம் மூன்று ஏ, அதற்கு அப்புறம் ஐந்து. சீன மொழியில் நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லைப் போலவே ஒலிக்குமாம். அதனால் லிஃப்டிலிருந்தே அந்த எண்ணைத் துரத்திவிட்டார்கள். நான் குடியிருப்பது அந்தத் துரத்தப்பட்ட மாடியில். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, ஊரில் இருக்கும் வங்கியின் இணையப் படிவத்தில் என் முகவரியை இன்னும் சரியாக எழுத முடிந்ததில்லை. மாடி என்ற கட்டத்தில் எண்ணை மட்டும்தான் போட வேண்டும் என்று அது அடம்பிடிக்கும். மூன்று ஏ என்று போட்டால் சிவப்பு. நான்கு என்று போட்டால் பச்சை, ஆனால் அப்படி ஒரு மாடியே இங்கே இல்லை. இல்லாத மாடியில் குடியிருப்பதாக ஒப்புக்கொண்டால்தான் நான் இருக்கிறேன் என்று அந்தப் படிவம் நம்புகிறது. என்னத்தைச் சொல்ல!

அந்த லிஃப்டில்தான், வந்த புதிதில் ஒருநாள் காலை, ஐந்தாம் மாடி ஆன்டி என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவள் மாதிரியா இருக்கிறேன்? "எங்க வீட்ல எல்லாம் இருக்கு ஆன்டி, கவலப்படாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். காலையில் சாப்பிடுவதை இங்கே பசியாறுவது என்பார்கள், 'டிபன் ஆச்சா' என்று நாம் கேட்பதைத்தான் அவர் கேட்டார் என்று தெரிய ஒரு மாதம் பிடித்தது. தெரிந்த பின் அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. நாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன டிபனைக் கட்டிக்கொண்டு அழுகிறோம், இவர்கள் அழகாகப் பசியாறுகிறார்கள். மன்னிப்புக் கேட்கப் போனபோது ஆன்டி சிரித்துக்கொண்டே, "நான் அன்னைக்கே நெனச்சேன், இந்தப் பொண்ணு ரொம்ப கோவக்காரி லா" என்றார், இங்கே எல்லாரும் பேச்சின் வாலில் ஒட்டிவிடும் அந்த 'லா'வோடு. வாஸ்தவம்தான். எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வந்து சேரும்.

சென்னையில் ஏழு வருடம் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். மற்றவர்கள் எழுதித் தரும் செயலிகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு அவருடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, சின்ன வயதிலிருந்து மனதுக்குள் இருந்த ஆசையைத் தூசிதட்டி, ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். இன்னும் சில மாதங்களில் நானும் ஒரு டீச்சர். பயிற்சிக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறேன். அங்கே ஒரு கடை வரிசையின் மேல்மாடியில், எட்டு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குத் தமிழ் வகுப்பு. வகுப்புக்குச் சொந்தக்காரர் செல்வி டீச்சர், என்னைவிட நாலு வயது இளையவர், கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர்.

'வகுப்பறையில் தொழில்நுட்பம்' என்று கல்லூரியில் ஒரு பாடம் வைத்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்ற மாணவிகள் ஸ்மார்ட் போர்டை எங்கே தொடுவது என்று முழித்துக்கொண்டிருக்க, நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோவில்பட்டியில் நான் படித்த பள்ளியிலும் கணினி அறை என்று ஒன்று இருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு கணினி, விசைப்பலகைக்குப் பூப்போட்ட துணி உறை. தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். ஒருமுறை தெரியாமல் ஒரு விசையை அழுத்திவிட்டேன், திரை நீலமாகிவிட்டது. "என்ன பண்ணித் தொலச்ச?" என்று சார் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது ஏற்கெனவே பழுதான கணினி என்று பிறகு தெரிந்தது, ஆனால் யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. நான் டீச்சரானால் என் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொடுவார்கள் என்று அப்போதே சபதம் போட்டேன்.

அதனால் ஆசை ஆசையாக ஒரு விளையாட்டு செய்தேன். போர்டில் நான்கு படங்கள் வரும். என் குரலில் ஒரு சொல் ஒலிக்கும். பிள்ளை எழுந்து வந்து சரியான படத்தைத் தொட வேண்டும். சரியென்றால் பச்சை நட்சத்திரம், கைதட்டல். தப்பென்றால் 'ப்ப்பேய்' என்று ஒரு சத்தத்தோடு திரை முழுக்க அழுமூஞ்சி. அந்த அழுமூஞ்சியைத் தேர்ந்தெடுத்தது நானேதான், வேடிக்கையாக இருக்கும் என்று. முதல் முறை அதை வகுப்பில் நடத்திய அன்று எனக்கு மதிப்பெண் போட எங்கள் விரிவுரையாளர் மிஸ் லிம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது.

யாஷினியின் முறை வந்தது. வகுப்பில் முதலில் கைதூக்குவது எப்போதும் அவள்தான், விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். திரையில் மின்கம்பம், தென்னை மரங்களோடு ஒரு கிராமம், ஜன்னல், சாவி. "கம்பம்" என்றது என் குரல். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் கிராமத்தைத் தொட்டாள். ப்ப்பேய். மறுபடி தொட்டாள். மறுபடி ப்ப்பேய். திரும்பி என்னைப் பார்த்து, "டீச்சர், போர்டு கெட்டுப்போச்சு" என்றாள்.

"போர்டு நல்லாத்தான் இருக்கு. நீதான் தப்பாத் தொட்டுட்ட."

"கம்பம்தான டீச்சர்? இதான் லா. எங்க பெரியம்மா டெங்கில் பக்கம் கம்பத்துல இருக்காங்க."

"கம்பத்துலயா? மேல ஏறியா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டு, கை இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக் கம்பம் ஏறுவதுபோல நடித்தும் காட்டினேன். வகுப்பே சிரித்தது. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாஷினி மட்டும் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, பென்சில் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் போன பிறகு செல்வி டீச்சர் மெதுவாகச் சொன்னார், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க கம்பம்னா கிராமம். மலாய்ல கம்போங். எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வோம்."

"ஆனா அது தமிழ் இல்லையே" என்றேன். அவர் பிள்ளைகளின் டேப்லெட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். மிஸ் லிம் கொடுத்த தாளில் உச்ச மதிப்பெண் இருந்தது. பிள்ளைகள் மிகவும் மகிழ்ச்சியாகப் பங்கேற்றார்கள், வகுப்பு முழுக்கச் சிரிப்பு என்று எழுதியிருந்தார்.

திரும்பும் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போது என் புத்தி வந்து சேர்ந்தது. தேனிப் பக்கம் கம்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது. என் சித்தப்பா கம்பத்தில் இருக்கிறார் என்று சென்னையில் யாராவது சொன்னால் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்போமா? அடுத்து, அந்தத் திரையில் இருந்த மற்ற படங்கள் நினைவுக்கு வந்தன. ஜன்னலும் சாவியும் போர்ச்சுக்கீசியர்களிடமிருந்து நாம் வாங்கியவை. இரண்டுக்கும் கேள்வியே கேட்காமல் பச்சை நட்சத்திரம் கொடுத்தேன். கம்பத்தை மட்டும் நிறுத்திக் கடவுச்சீட்டு கேட்டிருக்கிறேன். அதுவும் யார்? வருடா வருடம் விசாவுக்காக வரிசையில் நிற்கும் நான்.

இதைவிட உறுத்தியது வேறொன்று. என் பழைய வேலையில், சோதனை அட்டவணையில் இரண்டு பத்திகள் உண்டு: எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கோளாறு மென்பொருளில்தான் என்று எடுத்துக்கொண்டு தேடுவோம். எழுதிக் கொடுத்தவர்களோ எப்போதும் ஒரே பாட்டுப் பாடுவார்கள்: 'யூசர் மிஸ்டேக்.' அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! இங்கே எட்டு வயதுக் குழந்தை, போர்டு கெட்டுப்போச்சு என்று துல்லியமாகக் கோளாறைச் சொன்னது. நீதான் தப்பாத் தொட்டுட்ட என்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை யாஷினி கைதூக்கவில்லை. கேட்டாலும் தலையைத்தான் ஆட்டினாள். வகுப்பு முடிந்ததும் அவள் அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "டீச்சர், கிளாஸ் வேணாங்கிறா. வீட்ல நாங்க பேசறது இங்கிலீஷ்தான். பெரியம்மாகூட பேசணும்னு அவளா கேட்டு வந்த கிளாஸ் இது. இப்ப பெரியம்மா போன் பண்ணாகூட பேச மாட்டேங்கிறா. என்ன ஆச்சு?" நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம் லா" என்று மட்டும் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஒரு குழந்தைக்கும் அவள் பெரியம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன், அதுவும் தமிழ் சொல்லித் தருகிறேன் என்ற பெயரில்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லித் தப்பிக்கலாம், பலர் செய்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொல்லை நூறு தடவை கேட்டாலும் சலிக்காமல் நூறு தடவையும் அதே குரலில் சொல்லும் பொறுமை அந்த இயந்திரத்துக்கு உண்டு. எனக்கு மூன்றாவது தடவையே மூச்சு பெரிதாக வரும். கூச்சப்படும் பிள்ளைகள் அதனிடம் வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அழுமூஞ்சி காட்டியதோடு அதன் வேலை முடிந்தது. சிரித்தது நான். அது நான் எழுதிக் கொடுத்த விடையைச் சொன்னது, நான் அதை ஏதோ தீர்ப்பு என்று நம்பி அதன் பக்கம் நின்றுகொண்டேன். மிஸ் லிம்முக்குத் தர வேண்டிய குறிப்பேட்டில் இதை அப்படியே எழுதினேன், மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும்.

பிறகு அழுமூஞ்சியை எடுத்தெறிந்துவிட்டு, விளையாட்டை ஒவ்வொரு பிள்ளையின் டேப்பிலும் ஏற்றினேன். ஒரு பிள்ளை நான் எதிர்பார்க்காத படத்தைத் தொட்டால், 'அப்படியா? இத யாரு இப்படிச் சொல்வாங்க?' என்று என் குரல் கேட்கும். உடனே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்து, பிள்ளை சொல்லும் பதில் பதிவாக ஆரம்பிக்கும். அடுத்த வகுப்பில் டேப்புகளைக் கொடுப்பதற்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன், "அன்னைக்கு யாஷினி போர்டு கெட்டுப்போச்சுன்னா. அவ சொன்னதுதான் சரி. தெரியாம நான் சிரிச்சுட்டேன். சாரி யாஷினி. இன்னைக்கு நீங்க எல்லாரும் மெஷின் எங்கல்லாம் தப்புப் பண்ணுதுன்னு கண்டுபிடிங்க." பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கிண்ணத்தை எங்கள் வீட்டில் மங்கு என்போம், சாலையைச் சடக்கு என்போம், சந்தைக்குப் பாசார் என்று ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். பரீட்சையில் கிராமம் என்று எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன், அதை விட முடியாது. யாஷினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டேப் இருட்டாகவே கிடந்தது. வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

அவள் அம்மா சொன்ன இரண்டாவது வாரமும் வந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மின்விசிறிகளை அணைக்கப் போனேன். பின்னால் என் குரலே கேட்டது: "கம்பம்." திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, திரும்பவில்லை. "அப்படியா? இத யாரு இப்படிச் சொல்வாங்க?" என்றது என் குரல். அப்புறம் சின்னதாக, "எங்க பெரியம்மா" என்று வந்தது. "பெரியம்மா கம்பத்துல இருக்காங்க. மேல இல்ல. கீழதான். நெறைய கோழி இருக்கு. லீவு விட்டா நாங்க கம்பத்துக்குப் போவோம்."

அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒலிவாங்கி இருக்கும் பக்கத்தை என் வாய்க்கு நேராக நீட்டி, "டீச்சர், உங்க கம்பம் எங்க?" என்று கேட்டாள்.

இங்கே அந்தச் சொல்லுக்குக் கிராமம் என்பதற்கு மேலும் ஒரு பொருள் இருப்பது அப்போதுதான் உறைத்தது. பண்டிகை வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போவார்களே, நமக்கென்று காத்திருக்கும் இடம், அதைக் கேட்கிறாள். கோவில்பட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு பெங்களூரில் இருக்கிறார்கள். சென்னையில் எனக்கு இருந்தது ஒரு விடுதிக் கட்டில். பிரிக்பீல்ட்ஸ் என்று சொல்லலாமா? விசா அடுத்த வருடம் முடிகிறது.

"அது வந்து... அங்க... இல்லம்மா, இப்ப இங்க..."

யாஷினி சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க டீச்சர், ரெக்கார்ட் ஆவுது லா."