கரிக்கு ஐந்து வேளை

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து இன்றோடு நான்கு நாள். மகள் கொண்டுவந்தாள், கூடவே ஒரு பை தீனியும். பையின் முதுகில் ஒரு அட்டவணை: இத்தனை வாரக் குட்டிக்கு இத்தனை கிராம். அவள் அதைப் பார்த்துத் தராசில் நிறுத்து வைக்கிறாள். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். தின்றதா, செரித்ததா, வெளிக்குப் போனது இறுகலாக இருந்ததா என்று மணிக்கு நாலு தரம் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "அப்பா, ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்கிறாள். உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

அந்தப் பையைப் பிரித்தால் கருவாட்டு வாடை. என்னென்னவோ சத்து சேர்த்திருப்பதாகப் போட்டிருக்கிறான், வாடை என்னமோ நம்மூர் மீன் காயவைத்த வாடைதான். என் நிம்மதியைக் கெடுத்தது அதுதான்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி எடைபோடும் மேடையில் வேலை. நிலக்கரி லாரி வரும், நிற்கும், எழுதுவேன், போகும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஒருநாள் லாரி நகர்ந்த பிறகு மேடை நடுவில் ஒரு கரித்துண்டு கிடந்தது. கிட்டே போனால் கத்தியது. கண் திறந்து நாலு நாள் ஆகியிருந்தால் அதிகம். சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்து 'கரி' என்று பேரும் வைத்துவிட்டேன். வீட்டில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தெரிந்தது, அது அசல் செவலை.

வீடென்றால் சொந்த வீடில்லை. காரைக்காலில் ஒரு லாத்தாவின் வீட்டு மாடியறை. லாத்தா என்றால் அக்கா. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும் கூப்பிட்டேன். மகன் துபாயில். கீழே அவர் மட்டும். குட்டியைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூன்று படி மேலே ஏறி நின்றார்.

"நாய் வாய் வச்சா ஏழு தடவ கழுவணும் தம்பி. அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. என் பாத்திரத்துக்கிட்ட வரப்படாது, சொல்லிட்டேன்."

சரி என்றேன். ஆனால் எதைக் கொடுப்பது? எங்கள் வீடு விவசாய வீடு. நாய்க்கு மிஞ்சின சோறு, குட்டியென்றால் பால்சோறு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பசும்பாலில் சோற்றைக் கரைத்து வைத்தேன். இரண்டே நாளில் வயிற்றுப்போக்கு. குட்டி துணி மாதிரி துவண்டுவிட்டது. அறைக்குள் நான் நடந்த நடையில் லாத்தா கீழேயிருந்து, "தம்பி, மேல மாவு இடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

கால்நடை மருத்துவர் என்னைத் திட்டினார். பால் வேண்டாம்; குழைந்த சோறு, முள்ளில்லாத மீன், உப்பு காரம் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு அஞ்சு வேளை.

கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம், "சின்னக் குட்டி, பல்லு கூட மொளைக்கல, முள்ளு ஆகாது" என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "கல்யாணம் ஆவலன்னு சொன்ன? அதுக்குள்ள புள்ளயா?" தெருவே சிரித்தது. நாய்க்கு என்று விளக்கிய பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தது. கிழங்கான் மீனைக் கொடுத்து, அவித்து உதிர்த்துக் கொடு என்று சொல்லி அனுப்பியது.

மீன் கிடைத்தது. வேளைக்கு எங்கே போவேன்? காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். லாத்தாவிடம் புலம்பினேன்.

"அஞ்சு வேளையா? அதான் அஞ்சு நேரம் பாங்கு சொல்றாங்கள்ல. சுபுஹுக்கு நீங்க, லுஹருக்கும் அஸருக்கும் நான், மஃரிபுக்கும் இஷாவுக்கும் நீங்க. இதுக்கா இப்புடி அலையிறீங்க?"

அன்றிலிருந்து, விடியற்கால சுபுஹிலிருந்து ராத்திரி இஷா வரை, கரியின் வயிறு பள்ளிவாசல் கடிகாரத்தில் ஓடியது. லாத்தா அதைத் தொட்டதே இல்லை. மூன்றாவது படியில் நின்று உயரத்திலிருந்து ஊற்றுவார், அது கீழே தட்டில் விழும், கரியின் தலையிலும் கொஞ்சம் விழும். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அதற்கு மீன் அவித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வேண்டாம் லாத்தா என்றேன். "நோன்பு எனக்குத்தான், அதுக்கில்ல" என்றார்.

குட்டி வளர்ந்தால் வேளையைக் குறைக்க வேண்டுமாம், மகள் கொண்டுவந்த பையில் போட்டிருக்கிறது. அதை மருத்துவர் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் இஷாவைக் குறைப்பதா அஸரைக் குறைப்பதா என்று எங்களுக்குள் தகராறுதான் வந்திருக்கும். ஐந்தே ஓடியது. கரி பூசணிக்காய் ஆனது. பாங்கு தொடங்கியதும் படியடியில் வந்து நின்று வாலாட்டி மெல்ல ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தார், பாங்குக்கு ஊளையிடுகிற நாயை ஓட்டிவிடச் சொன்னார். லாத்தாதான் பேசினார். "அது சோத்துக்கு அழுவுது. சின்னதுல நாமளும் பசிச்சா உம்மா வாப்பாவ கூப்புட்டு அழுவலயா? விடுங்க."

பிறகு எனக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. கரியை லாத்தாவிடம் விட்டு, ரெண்டு மாசத்தில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சத்தியமாக நினைத்துத்தான் சொன்னேன். அங்கே கிடைத்த அறையில் நாய் ஆகாது என்றார்கள். இன்னொரு அறை தேடியிருக்கலாம், தேடவில்லை. இரண்டு மாசம் ஒரு வருஷம் ஆனது. இடையிடையே லாத்தா போனில் சொல்வார்: "அஞ்சு நேரமும் டாண்ணு வந்துருது தம்பி." எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் கூப்பிட்டார். "சுபுஹுக்கு வரல தம்பி. லுஹருக்கும் வரல. கடைத்தெரு வரைக்கும் போய்ப் பாத்துட்டேன்." எங்கேயாவது சுற்றிவிட்டு வரும் என்றேன். மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டார்.

"தட்டு அப்புடியே இருக்கு. இன்னமும் ஆக்கி வைக்கவா?"

லாரி ஒன்று மேடையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "வேணாம் லாத்தா" என்றேன். வாரேன், சேர்ந்து தேடுவோம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பஸ் ஏறினால் போதும். வாய் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது தோன்றவே இல்லை. அவர், "சரி தம்பி, வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார்.

காரைக்காலுக்கே திரும்பி வந்து இப்போது பல வருஷம் ஆகிறது. நான் வருவதற்கு முன்பே லாத்தாவை அவர் மகன் துபாய்க்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார், லாத்தா அங்கேயே காலமானார் என்று மீன்காரம்மாதான் சொன்னது. வீட்டை இடித்து வாகனம் நிறுத்துகிற இடமாக்கியிருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் தினமும் போகிறேன். அவர் எத்தனை நாள் ஆக்கி வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்று சொன்னதற்காக அன்றே நிறுத்தியிருக்க மாட்டார், அது மட்டும் தெரியும்.