ஆறுக்குட்டியின் குக்கர் வண்டி

குன்னூர் மார்க்கெட்டில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் ஆறுக்குட்டி அண்ணனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கடைக்கு வழி சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. நான் பக்கத்து வீட்டுக்காரன். அவர் எஞ்சினை முடுக்கினால் என் வீட்டு ஜன்னல்தான் முதலில் ஆடும்.

காரமடைப் பக்கத்து ஆள். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இத்தனை வருடம் மலையில் இருந்தும் குளிர் பழகாமல், சித்திரை வெயிலிலும் மங்கி குல்லாயோடுதான் கல்லாவில் உட்காருவார். பழைய பியட் கார் ஒன்று வைத்திருக்கிறார். வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. எதிரே ஆட்டோ வந்தாலே ஓரம் கட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் அந்தக் காருக்கு டர்போ மாட்டக் காரணம், அவர் மனைவி சாந்தாமணி அக்கா.

முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கார் கனம் தாங்காமல் திணறியிருக்கிறது. "கொஞ்சம் எறங்கி நடந்து வா சாந்தாமணி" என்றிருக்கிறார் இவர். காலிக் கார் முன்னால் போக, அக்கா பட்டுப்புடவையோடு இரண்டு கொண்டை ஊசி வளைவு நடந்தே ஏறியிருக்கிறார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அக்காவுக்குப் பஸ்தான். அவரை ஒரு தடவையாவது உட்கார வைத்தே மலையேற்ற வேண்டும் என்பது அண்ணனுக்கு வெறியாகிவிட்டது.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டர்போ வாங்கி வந்தார். நத்தை மாதிரி இருக்கும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் அந்தக் காலத்து அப்பாவி. அமுக்கிய காற்று புகுந்ததும் சந்து பொந்தெல்லாம் பெட்ரோலைப் பீச்சியது. கார்புரேட்டரையே காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்துவிட்டால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடும் என்று யோசித்தார். பெட்டி தேடினார். சமையலறையில் கிடைத்தது.

ஏழரை லிட்டர் குக்கர். அடியில் துளை போட்டு, தன் கடை வாஷரையும் கிளாம்பையும் வைத்து இறுக்கி, கார்புரேட்டரை உள்ளே குடிவைத்தார். மிஞ்சிய காற்று வெளியேற விசிலும் இருந்தது. வெயிட்டை மட்டும் அரத்தால் தேய்த்துக் குறைத்துக்கொண்டார். ஆக்சிலேட்டரை மிதித்தால் பானட்டுக்குள் உஸ்ஸென்று விசில் அடிக்கும். அக்கா அந்த வாரம் முழுக்க வெறும் ரசம்தான் வைத்தார்.

டியூனிங் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில். மூடியைத் திறப்பார், திருகாணியைக் கால் சுற்று திருப்புவார், மூடுவார், சிம்ஸ் பூங்கா மேடு வரை ஓட்டுவார். திரும்பி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டுவார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தமாம். பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றி இன்னும் சின்னதாக ஒன்றை மாட்டுவார். ஒரு ஞாயிறு பிளக் முனை நல்ல டீ நிறத்தில் வந்தது. பிள்ளை பிறந்த மாதிரி தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுப்பாளையத்தில் அக்காவின் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது.

"ஏனுங்க, இந்த ஒருக்கா உங்க வண்டீல வர்றேன். ஆனா ஏறும்போது நின்னுதுன்னா, அடுத்த நாளே பழைய இரும்புக்குப் போட்டுப்போடோணும். சரிங்களா?"

"சரி" என்றார் அண்ணன். சுரத்தே இல்லை. சாட்சிக்கு என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள்.

இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. விருந்து முடிந்து திரும்பி, கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எஞ்சினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குவது போலச் சத்தம் வந்தது. சூடு காட்டும் முள் எழுந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார், கார் ஊர்ந்தது.

"குன்னூர்ல நல்லாத்தான இருந்துச்சு?" என்று ஸ்டியரிங்கைக் கேட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கீழ எங்கம்மா ஊட்ல பருப்புக்கு மூணு விசிலுங்க. குன்னூர்ல அஞ்சு வெக்கறேன். மேல காத்து வேற, கீழ காத்து வேறதானுங்களே?" என்றார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மலையிலேயே கிடப்பவனுக்குத்தான் அந்தத் தப்பு வரும். குன்னூரின் மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துச் சரிபண்ணிவிட்டு, அடிவாரத்துக் கெட்டிக் காற்றை டர்போ வேறு வைத்துத் திணித்தால் பெட்ரோல் எப்படிப் போதும்? பெரிய ஜெட்டெல்லாம் வீட்டில் கிடந்தது.

"அந்தச் சோக்கைப் பாதி இழுத்துப் புடி" என்றார். சோக்கை இழுத்தால் பெட்ரோல் கூடும். அந்தக் காரில் குமிழ் தானாக நிற்காது, கையால் பிடித்தே இருக்க வேண்டும். அக்கா இழுத்தார். கூழாங்கல் சத்தம் அடங்கியது. உஸ்ஸென்று விசில் வந்தது. கார் ஏறத் தொடங்கியது.

"மேல போகப் போகக் கொஞ்சங் கொஞ்சமா உள்ள தள்ளோணும்."

"அடுப்பத் தணிக்கறாப்பலீங்களா?"

"அதே! அதேதான்!"

அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உதட்டைக் கடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒரு நூல் அளவு தள்ளினார். "அந்த டெம்போவ முந்துங்க!" என்று விரட்டவும் செய்தார். ஆட்டோவுக்கு ஒதுங்குகிற அண்ணன் டெம்போவை முந்தினார். நான் ஒருவன் பின்னால் இருப்பதே அவர்களுக்கு மறந்துவிட்டது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பர்லியாரைத் தாண்டி அடுத்த லாரியையும் முந்துகிற உற்சாகத்தில், அக்கா சோக்கைத் தள்ளுவதற்குப் பதில் முழுக்க இழுத்துவிட்டார். எஞ்சின் மூச்சு முட்டிக் கரும்புகை கக்கியது. கார் ஓரமாக உருண்டு போய் நின்றது.

அண்ணன் இறங்கி பானட்டைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். பேச்சுப்படி வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று என்று அவருக்குத் தெரியும். அந்த மனிதர்மேல் எனக்கு முதல் தடவையாக உண்மையான பரிதாபம் வந்தது.

பின்னாலேயே குன்னூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பாலகுமார் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பையன்.

"என்னங்கக்கா, குக்கர் வண்டி நின்னுபோச்சுங்களா? ஏறுங்க, சீட்டு இருக்குது."

பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதற்குள் இறங்கி ஒரு காலைப் படியில் வைத்தாயிற்று.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சோக் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எங்க வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. காத்தாட நிறுத்தியிருக்கறோம். நீங்க போங்க."

அண்ணன் பானட்டுக்குப் பின்னாலிருந்து நிமிரவே இல்லை. பிளக்கைத் துடைத்த அதே வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்து, கன்னமெல்லாம் கரியாக்கிக்கொண்டார்.

நான் படியிலிருந்து காலை எடுத்தேன்.