கடைசி ஆட்டத்துக்கு மறுநாள்

அமெரிக்கக் கால்பந்தில் சீசனின் கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, பயிற்சியாளர்களின் சீட்டைக் கிழிக்கிற நாள். தோற்ற அணி எதுவும் அன்றைக்குச் சும்மா இருக்காது. உதவிப் பயிற்சியாளர் லைல் கோவால்சிக்குக்கு இருபத்தாறு வருடத்தில் ஒன்பது முறை கிழித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் வேறு ஊர், வேறு வீடு. முதல் தடவை காருக்குள் உட்கார்ந்து அழுதார். இப்போதெல்லாம் முந்தின வாரமே மேசையைக் காலி செய்துவிடுகிறார். வீட்டில் மனைவி ரெனே பெட்டி கட்டிவிடுகிறாள்.

இந்த வருடம் பதினேழு ஆட்டத்தில் பதின்மூன்று தோல்வி. திங்கள் காலை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். லைல் போனதுமே கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார்.

"அதை எடுத்து மாட்டுய்யா. மத்தவங்க எல்லாரும் போறாங்க. நீ இருக்க. இன்னும் மூணு வருஷம்."

"சரிங்க," என்றார் லைல்.

சந்தோஷம் வருகிறதா என்று லிஃப்டில் இறங்கும்வரை பார்த்தார். வரவில்லை.

வீட்டில் ரெனே டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எந்த ஊரு?"

"இதே ஊருதான். வெச்சுக்கிட்டாங்க."

"காலங்காத்தால கிண்டல் பண்ணாத."

"நிஜமாத்தான்."

அவள் சுவரை மறைத்து அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். "அப்ப இதையெல்லாம் பிரிக்கணுமா?"

லைல் கொஞ்சம் யோசித்தார். "காபி மெஷின் எதுல இருக்கு?"

"ஏழாம் நம்பர்ல."

"அதை மட்டும் பிரி."