நாற்பத்தாறாம் பக்கம்

கருப்பட்டியின் வாடை இன்னும் அந்தத் தாள்களை விட்டு நீங்கவில்லை; இரண்டே தாள்கள், நான்கு பக்கங்கள், பாகு கசிந்த கறையோடு என் மேசைமேல் கிடக்கின்றன. என் அத்தை செண்பகம் ஓர் ஆங்கிலப் படத்துக்காகத் தென்காசியில் கலகம் செய்தார் என்று எங்கள் உறவினர் நெடுநாளாகப் பலவாறு சொல்லிவருகின்றனர். நாற்காலிகள் உடைந்தன என்பார் ஒருவர், காவலர் வந்தனர் என்பார் மற்றொருவர். ஆதலால், இத்தாள்களில் அச்சாகியிருப்பதையும், பதினொரு வயதில் அருகிருந்து நான் கண்டதையும், பின்னர் அத்தையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். நாற்காலி எதுவும் உடையவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில், குற்றாலத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது, அங்கிருந்த பழைய இதழ்கள் தென்காசிக் கடைகளுக்கு எடைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றின் நடுத்தாள்கள் கருப்பட்டியைப் பொதிந்துகொண்டு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. ஈவ்லின் என்னும் பிரித்தானிய நடிகையின் வரலாறு அவற்றில் இருந்தது. தலைப்பின் ஓரம் கிழிந்திருந்தமையால் பெயரின் மறுபாதி எங்களுக்குக் கிட்டவில்லை. அவர் சலவைத் தொழிலாளி ஒருவரின் மகள். உலகப்போர் முடிந்த பின்னும் துணியும் வெண்ணெயும் பங்கீட்டில் கிடைத்த நாள்களில் தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். படநிறுவனம் ஒன்று அவரைக் கண்டெடுத்து, தலையில் புத்தகம் வைத்து நடக்கவும், கீழே பாராமல் படியிறங்கவும், பிறந்த தெருவின் பேச்சை மறக்கவும் பழக்கியது. பெரும்படத்தில், தோள் தெரியும் பட்டாடையில், கையில் நீண்ட உறையணிந்து அவர் சிரிக்கிறார். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நன்றாகத் தெரியும் ஓர் இடைவெளி. அதைச் சரிசெய்துகொள்ளாவிட்டால் ஒப்பந்தம் முறியும் என்று நிறுவனம் ஒரு வாரக் கெடு விதித்ததாம். ஏழாம் நாள் காலை ஈவ்லின் தம் விடையோடு அலுவலகத்தின் படியேறினார் என்பதோடு நான்காம் பக்கம் முடிகிறது. ‘தொடர்ச்சி நாற்பத்தாறாம் பக்கம்’ என்பது கடைசி வரி.

அத்தை மறுநாளே கடைக்கு ஓடினார். “மிச்சத் தாளெல்லாம் போயாச்சே தாயி, எந்த வீட்டுல எதப் பொதிஞ்சு குடுத்தேன்னு நான் என்னத்தக் கண்டேன்?” என்றார் கடைக்காரர்.

அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது; தொலைபேசி நிலையத்தில் வேலை. அவருடைய முன்பற்களுக்கு நடுவிலும் அதே இடைவெளி இருந்தது. பெண் பார்க்க வந்த இரு குடும்பத்தார் அதைச் சொல்லித்தான் வேண்டாமென்று போனார்கள். மூன்றாவது குடும்பம் வருவதற்குள் அவ்விரு பற்களையும் பிடுங்கிவிட்டு, ‘கட்டுப்பல்’ வைத்துவிடுவதென என் தந்தை முடிவு செய்து, திருநெல்வேலி மருத்துவரிடம் ஒரு திங்கட்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டார். அதைக் கேட்ட அத்தை, தொலைபேசி எண்களின் தடித்த புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார், அவ்வளவுதான்.

அவ்வாரம் பார்த்து, குற்றால அருவியின் ‘சீசனுக்கு’ வந்திருந்த வெளியூர்க்காரர்களுக்காகத் திரையரங்கில் ஞாயிறு காலைக்காட்சியாக ஓர் ஆங்கிலப் படம் வந்தது. சுவரொட்டியின் கீழ்மூலையில், வாய் மூடிய ஒரு முகம். அத்தை சாரலில் நனைந்தபடி அதன்முன் நெடுநேரம் நின்றார்; அந்த முகம் ஈவ்லினுடையதுதான். கெடுவுக்கு அவர் தந்த விடை அந்தப் படத்தில் இருக்கும், அதைப் பார்த்தபிறகு தமது விடையைச் சொல்லலாம் என்று அத்தை உறுதி கொண்டார். ஆனால் ஆங்கிலக் காலைக்காட்சிக்குப் பெண்கள் வருவதில்லை. அவர்களுக்குரிய சீட்டுச் சாளரத்தைத் திறப்பதுமில்லை. இருபது பேராவது வந்தால் திறக்கிறேன் என்று சிரித்தார் மேலாளர்.

ஞாயிறு விடியலில் அத்தை என்னை அழைத்துக்கொண்டு குற்றாலம் பேரருவிக்குப் போனார். பெண்கள் குளிக்கும் பக்கத்தில், நடவு முடித்துக் கடையம் என்னும் ஊரிலிருந்து டிராக்டரில் வந்திருந்த ஒரு கூட்டம் தலைதுவட்டிக்கொண்டிருந்தது.

“எக்கா, பத்து மணிக்குத் தென்காசில படம் பாக்க வாரியளா?”

“சாமி படமா தாயி?” என்றார் அவர்களுள் மூத்தவரான வேலம்மா.

“வெள்ளைக்காரி படம்.”

“அவ பேசுதது நமக்கு என்னத்த வெளங்கும்?”

“பேச்சு வெளங்காண்டாம்க்கா. அவ பல்லு தெரிஞ்சாப் போதும்.”

“பல்லப் பாக்கவா? ஏட்டி, நீ படத்துக்குப் போறியா, மாடு வாங்கப் போறியா?” என்று வேலம்மா கேட்க, ஈரத்தலைகள் அத்தனையும் குலுங்கின. அத்தை கோபிக்கவில்லை, தம் பல்லைக் காட்டி, மறுநாள் நடக்கவிருப்பதைச் சொன்னார். வேலம்மா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஏளா, வண்டியில ஏறுங்க எல்லாரும்” என்றார்.

என்னையும் சேர்த்து இருபது பேர். மேலாளர் எண்ணிப் பார்த்து, “இதுல ஒண்ணு புள்ளையில்லா?” என்றார். “புள்ளையும் பொம்பளதான் அண்ணாச்சி” என்றார் அத்தை. சாளரம் திறந்தது.

படம் ஓடியது, குதிரைகள் ஓடின, துப்பாக்கிகள் வெடித்தன, ஈவ்லின் வரவில்லை. விளக்கு எரிந்ததும் அத்தை எழுந்து மேலாளரிடம் போனார்.

“சுவத்துல ஒட்டியிருக்கிய, அந்தப் பொம்பள எங்க?”

“அது பேச்சு ரீலும்மா. சண்டை கெடையாது, ஆரும் கேக்க மாட்டாவ. மத்தியானக் காட்சிக்கு நேரமாவுதுன்னு நாந்தான் அத ஓட்டாம விடச் சொன்னேன்.”

“நான் கேக்கேன். போடுங்க.”

“இனி எங்கன போட?”

பின்னாலிருந்து வேலம்மாவின் குரல் வந்தது: “பிள்ள கேக்குததப் போடும்யா. நாங்க இங்கனயேதான் இருக்கோம், சோறுகூடக் கொண்டாந்துருக்கோம்.” கடையத்துப் பெண்கள் தூக்குச்சட்டிகளை மடியில் எடுத்து வைத்தார்கள். கலகம் என்று சொல்லப்படுவது இவ்வளவே.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு கடை; ஈவ்லின் நாயகனுக்கு ஒரு பொதியைக் கட்டிக் கொடுக்கிறார், இதழ் பிரியாமல் ஏதோ பேசுகிறார். அத்தையின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. நாயகன் ஏதோ சொன்னான். ஈவ்லின் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்விட்டுச் சிரித்தார். திரையில் அந்த இடைவெளி ஒரு சாண் இருந்தது.

“ஏட்டி, ஒம் பல்லு!” என்று கத்தினார் வேலம்மா. வெளியேற எழுந்த ஆண்கள்கூட நின்று கைதட்டினார்கள்.

வீடு திரும்பியதும் அத்தை என் தந்தையிடம் சொன்னார்: “அண்ணே, நாளைக்கு நான் டூட்டிக்குப் போறேன். டாக்டருக்கு நானே போன் போட்டுச் சொல்லிருதேன்.”

“வெள்ளிக்கெழம வாறவுகளுக்கு நான் என்னத்தச் சொல்ல?”

“நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சிரிச்சிக்கிட்டே காப்பி குடுக்கேன், அவுகளே பாத்துக்கிடட்டும்.”

அப்படியே கொடுத்தார். அந்தக் குடும்பத்திலிருந்து கடிதம் வரவில்லை. அதற்கடுத்து வந்தவர், பதிலுக்குத் தாமும் சிரித்தவர், என் மாமா ஆனார்.

அந்தத் திரையரங்கு இன்றில்லை. அவ்விடத்தில் துணிக்கடை நிற்கிறது. பெண்களுக்கெனத் தனிச் சாளரமும் எங்குமில்லை. வேலம்மாவை அன்றைக்குப் பிறகு நாங்கள் பார்க்கவேயில்லை. அண்மையில் அத்தையிடம் ஓர் ஐயத்தைச் சொன்னேன்: அந்தப் படம் நிறுவனம் கெடு விதிப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டதாக இருக்கலாமே, அவ்வாறாயின் ஈவ்லினின் விடை அதில் இல்லையே.

“அன்னைக்கு அங்கன இருக்கும்போதே எனக்கும் அது தோணுச்சு” என்றார் அத்தை. “தோணட்டும்னு விட்டுட்டேன்.”

ஏழாம் நாள் படியேறிய ஈவ்லின் என்ன விடை சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நாற்பத்தாறாம் பக்கம் இதுவரை கிடைக்கவில்லை.