மிளகுப் பாக்கெட்டில் ஓரகத்தியின் முகம்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஷாதிபூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் அதை முதலில் பார்த்தேன். கடையில் வாங்கி வந்த மிளகுப் பாக்கெட்டை அடுப்பு மேடையில் வைத்த தங்கை, "அக்கா, இதுல ஒரு கட்டம் போட்டிருக்கு பாரு. போன்ல காட்டினா எந்தத் தோட்டத்துல வெளைஞ்சதுன்னு சொல்லுதாம்" என்று சொல்லிக்கொண்டே போனை அதன் மேல் பிடித்தாள். திரையில் லாங் ஐலண்ட் என்று எங்கள் தீவின் பெயர் வந்தது. அதற்குக் கீழே என் ஓரகத்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.

என் கணவரின் தம்பி மனைவி அவள். எங்கள் தோட்டமும் அவர்கள் தோட்டமும் ஒரே சரிவில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. படத்தில் அவள் ஒரு மிளகுக்கொடியைத் தொட்டபடி நின்றாள். கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்த கொடி. அது ஏறியிருந்த பாக்கு மரத்தின் அடியில் சிவப்பு பெயிண்ட் தெரிந்தது. பாகம் பிரித்தபோது எல்லை தெரிய வேண்டும் என்று என் கணவர் அடித்த பெயிண்ட். சிவப்பு அடித்த மரமெல்லாம் எங்களுடையது.

"உன் ஓரகத்திதானே இது? என்ன லட்சணமா விழுந்திருக்கா!" என்றாள் தங்கை.

"கொடி என்னுது" என்றேன்.

அவள் காதில் அது விழவில்லை. மிளகைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, அதைத் தட்டுவதற்கு உரலைத் தேடப் போய்விட்டாள். நான் காலிப் பாக்கெட்டை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது.

இந்தப் பாக்கெட் வியாபாரத்தைக் கொண்டுவந்தது போர்ட் பிளேரில் இருக்கிற ஒரு கம்பெனி. அதன் சார்பில் ராங்கட்டிலிருந்து படகேறி ஒரு பெங்காலிப் பெண் வருவாள். எங்களைவிட வயதில் ரொம்பச் சின்னவள் என்றாலும் எல்லோருக்கும் அவள் மேடம்தான். எந்த நாளில் பறித்தோம், என்ன உரம் வைத்தோம், எத்தனை நாள் காயவைத்தோம் என்று எல்லாவற்றையும் கேட்டுத் தன் போனில் ஏற்றிக்கொள்வாள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு ஸ்டிக்கர். மூட்டை எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, படகுத்துறை ஜெட்டியில் ஒரு தடவை, போர்ட் பிளேர் கோடவுனில் ஒரு தடவை அந்த ஸ்டிக்கரைப் போனில் காட்டிப் பதிவார்கள். மிளகு எங்கே போனாலும் அது யார் வீட்டு மிளகு என்று திரும்பி வந்து சொல்லிவிட முடியும்.

அவள் பையில் ஈரம் பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கும். ஒரு பிடி மிளகை அதில் கொட்டினால் எண் வரும். எண் குறைவாக இருந்தால் முதல் தரம். சின்னப் பாக்கெட்டில், படத்தோடும் ஊர்ப் பெயரோடும் போகும். கூடினால் இரண்டாம் தரம். அது மற்றவர்கள் மிளகோடு கலந்து மெயின்லாண்டுக்குப் போய்ப் பொடியாகிவிடும். பொடிக்குப் படமும் கிடையாது, ஊரும் கிடையாது.

என் மிளகைக் கொட்டும்போதெல்லாம் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கி, "தோடா நமி ஹை, தீதி" என்பாள். கொஞ்சம் ஈரம் இருக்கிறதாம்.

ஈரம் இருக்கத்தான் செய்யும். பாகம் பிரித்தபோது கொடி அதிகமாக இருந்த பக்கம் எங்களுக்கு வந்தது. அதற்கு ஈடாக மொட்டைமாடி வைத்த வீடு கொழுந்தனுக்குப் போனது. அன்றைக்கு நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்தேன். நான் தார்ப்பாய் விரிக்கிற இடத்தில் மதியம் தாண்டினால் மரநிழல் விழுந்துவிடும். அவள் மாடியில் சாயங்காலம் வரைக்கும் வெயில் நிற்கும். என் வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் அந்த மாடி நேராகத் தெரியும். மிளகைத் துழாவிக்கொண்டே அவள் போனில் பேசுவதும் தெரியும்.

எங்கள் தீவில் நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைப்பது ஜெட்டியில்தான். போர்ட் பிளேரிலிருந்து திரும்பிய வாரம் அங்கே அவளைப் பார்த்தேன். படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் நின்று போனைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன். கோயம்புத்தூர்லேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நம்ம மிளகுல ரசம் வெச்சாங்களாம். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து, என்ன இப்படி வாசனை வருதுன்னு கேட்டாங்களாம்."

"நம்ம மிளகா, உன் மிளகா?"

"எல்லாம் ஒண்ணுதானேக்கா" என்று சிரித்தாள். அவளுக்கு அது ஒன்றாக இருப்பதில் எந்தக் கஷ்டமும் இல்லை.

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதைச் சொல்வதற்குள் தாடை வலித்தது.

அப்புறம் ஹேவ்லாக் தீவு ரிசார்ட் ஒன்றின் சமையல்காரர், விருந்தாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வழியில் என்னைத்தான் நிறுத்தி, "மிளகு மேடம் கா கர் கிதர்?" என்று கேட்டார். ஓரகத்தி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். சரிவில் வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து என் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், எல்லோரும் வரிசையாக என் சிவப்பு மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "உங்க தம்பி பொண்டாட்டி நம்ம மரத்துல நின்னு போஸ் கொடுக்கிறா."

"மரத்தைப் புடுங்கிட்டா போயிட்டா? விடு."

"அவ மிளகு பாக்கெட்டுல போகுது, நம்மது பொடியாகுது. அதையும் விடவா?"

"வர்ற வருஷம் முற்றத்துல ஒரு சிமெண்ட் தளம் போட்டுடலாம்" என்றார். அதை அவர் அதற்கு முந்தைய வருடமும் சொல்லியிருந்தார். மாடியில் கொஞ்சம் இடம் கேள் என்று அவர் சொல்லவில்லை. சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

மாசி மாதம் எங்கள் தீவில் மழை வராது என்று நம்பித்தான் எல்லோரும் மிளகைக் காயப்போடுவோம். அந்த வருடம் ஒரு நாள் மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. நிழல் வந்ததும் என் தார்ப்பாயை நான் ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அவள் மாடி முழுக்க மிளகு. அவள் ஜெட்டிக்குப் போயிருந்தாள், அந்தப் போனைப் பார்ப்பதற்காக. கொழுந்தன் கொல்லைப்புறம் கொட்டகைக்குள் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தால் வானம் தெரியாது.

நனையட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் கால்கள் அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தன. பாதிப் படியில் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. ஆனால் காய்ந்துகொண்டிருக்கிற மிளகு மழையில் நனைவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க என்னால் முடியாது, அது யார் மிளகாக இருந்தாலும். தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, மொத்தத்தையும் படிக்கட்டு அறைக்குள் இழுத்துப் போட்டேன். கடைசி மூலை உள்ளே வந்தபோது என் முதுகில் முதல் தூறல் விழுந்தது.

அவள் நனைந்துகொண்டே ஓடி வந்து, மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். கொட்டகையிலிருந்து வந்த கொழுந்தனிடம், "நல்லவேளை நீங்க எடுத்து வெச்சீங்க" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையைத் துவட்டிக்கொண்டார். அதற்குள் என் முற்றத்துக்குத் திரும்பியிருந்த நான் அதைக் கேட்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எனக்கு நன்றி சொல்வாள். அவளிடமிருந்து நன்றி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மிளகு காய்ந்து, முதல் தரம் வாங்கி, மூட்டையாகிப் போனது.

சில வாரம் கழித்து ஊரில் பேச்சு கிளம்பியது. மெயின்லாண்டில் பரிசோதனை லேப் ஒன்றில் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்ததில் பூஞ்சை இருந்ததாம். ஸ்டிக்கர் எண்ணை வைத்துத் தேடினால் அது லாங் ஐலண்ட், என் ஓரகத்தியின் மூட்டை. கேள்விப்பட்டதும் பையில் வைத்திருந்த அந்தக் காலிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். கட்டத்துக்கு மேலே போனைப் பிடித்தேன். அவள் படம் இருந்த இடத்தில், இந்தத் தோட்டத்துச் சரக்கு பரிசோதனையில் உள்ளது என்று ஒரே ஒரு வரி. மூடிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் அதே வரி. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்று என் கணவர் பின்னால் சொன்னார்.

மேடம் வந்தாள். நேராக மாடிக்குப் போனாள். என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே ஏறினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அவள் போனில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, மிளகு எந்தெந்த நாளில் மாடியில் காய்ந்தது என்று என் ஓரகத்தி கொடுத்த கணக்கு. இன்னொன்று, அந்த நாட்களில் ஒன்றில் மழை பெய்தது என்ற தகவல். மழையில் நனைந்த மிளகை மறுபடி காயவைத்துக் கொடுத்தீர்களா என்று அவள் ஹிந்தியில் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நனையவே இல்ல மேடம். மழைக்கு முன்னாலயே எங்க வீட்டுக்காரர் எடுத்து வெச்சிட்டாரு. கேளுங்க."

எல்லோரும் கொழுந்தனைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் எடுக்கல" என்றார்.

"என்னங்க சொல்றீங்க? அன்னிக்கு நீங்கதானே..."

"நீயா நெனைச்சுக்கிட்ட. யார் எடுத்ததுன்னு எனக்கும் தெரியல, இல்லேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

என் ஓரகத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. மேடத்தின் விரல் திரைக்கு மேல் நின்றது. நான் பேசாமல் இருந்தால் அந்த விரல் என்ன எழுதும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஜெட்டியில் கோயம்புத்தூர்க் கடிதம் இருக்காது, ரிசார்ட்டுக்காரர் என் வீட்டு வழியாக வரமாட்டார்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "ஒரு சொட்டு படல."

மேடத்துக்குப் புரியட்டும் என்று, "மைனே உடாயா" என்று ஹிந்தியிலும் சொன்னேன்.

நேர்மைக்காகச் சொன்னேன் என்று யாராவது நினைத்தால் அது எனக்குச் சேராத பெருமை. அன்றைக்கு மூச்சு வாங்க இழுத்த தார்ப்பாய் அது. இத்தனை நாள் அந்த வேலை கொழுந்தன் கணக்கில் இருந்தது. இப்போது யார் கணக்கிலும் இல்லாமல் போகப் பார்த்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. "எழுதிக்கோங்க. என் பேரையும் போடுங்க" என்றேன். அவள் என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுத் தட்டினாள். எங்கள் மூட்டையெல்லாம் என் கணவர் பெயரில்தான் போகும். கம்பெனியின் போனில் என் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை, அதுவும் ஓரகத்தி மிளகின் கீழே.

பிறகு மேடம் மற்ற வீடுகளுக்கும் போய்ப் பார்த்தாள். அதே படகில் போன இன்னும் இரண்டு வீட்டு மூட்டைகளிலும் பூஞ்சை வந்திருந்தது. ஜெட்டியில் பதிந்ததற்கும் கோடவுனில் பதிந்ததற்கும் நடுவில் ஏகப்பட்ட இடைவெளி. போட் கேன்சல் ஆனதில் மூட்டைகள் ஜெட்டிக் கொட்டகையின் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கின்றன. அதற்கப்புறம் மூட்டைகளை அடுக்குவதற்கு மரப்பலகை போட்டார்கள். என் ஓரகத்தியின் படம் திரும்பி வந்தது. நான் பிடித்துப் பார்த்தேன்.

நான்தான் எடுத்தேன் என்று சொன்ன அன்று சாயங்காலமே ஓரகத்தி வந்திருந்தாள். வாசலில் நின்றபடியே, "ஏன்க்கா சொல்லல?" என்றாள்.

"நீ கேக்கல."

"கேக்காட்டி சொல்ல மாட்டீங்களா? நான் உங்களுக்கு அவ்வளவு வேண்டாதவளா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளுக்கு எல்லாமே சுலபமாக வருகிறது. சிரிப்பும் அப்படித்தான், அழுகையும் அப்படித்தான். அப்போதுகூட எனக்கு அதுதான் தோன்றியது. உள்ளே வா என்றேன். டீ போட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே மாடியில பாதி உங்களுக்கு. நீங்க அங்கயே காயப்போடுங்க" என்றாள். நான் அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

அடுத்த பறிப்புக்கு என் மிளகு மாடி ஏறியது. மெஷினில் கொட்டியதும் மேடம் நிமிர்ந்து பார்த்து, "ஏ ஒன், தீதி!" என்றாள். படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிட்டு எழுந்து நின்றவள் மாதிரி விழுந்திருக்கிறேன். வெகுநாள் யாரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் சேலத்திலிருந்து ஒருவர், கிராம்பும் உங்களிடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அதை ஜெட்டியில் இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன்.

"அச்சா! பதில் போடுங்கக்கா" என்று பக்கத்தில் நின்ற ஓரகத்தி என் போனை வாங்கி அவளே தட்டினாள். அவள் விரல் என் விரலைவிட வேகம்.

இப்போதும் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் துழாவுகிறோம். பேசிக்கொண்டுதான் துழாவுகிறோம். ஆனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் டேங்கின் நிழல் மெதுவாக நகர்ந்து என் பாதியில் விழுகிறது. அவள் பாதியில் அப்போதும் வெயில் இருக்கிறது. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வருகிற வருடம் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் போகிறேன்.