மஞ்சக்குட்டைக்குக் கீழ்க்காற்று கொண்டுபோன கதை

போன வாரம் மருமகன் ஒரு சின்னக் கம்ப்ரஸர் வாங்கி வந்தார். கார் டயருக்கு இனி வீட்டிலேயே காற்று அடித்துக்கொள்ளலாமாம். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டதும் அது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. பத்து நிமிடம் அலறியும் மீட்டர் முள் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மருமகன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது மாப்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவிவிட்டேன். நான் காபி குடித்து முடிப்பதற்குள் அவர் ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துச் சரி செய்துவிட்டார். ஆனால் சூடான எண்ணெயும் ரப்பரும் கலந்த அந்த வாசனை மட்டும் கூடத்தை விட்டுப் போகவில்லை. என்னை அப்படியே பிடித்து இழுத்துக்கொண்டு போய் மஞ்சக்குட்டையில் நிறுத்திவிட்டது. எனக்குத் தெரியாது என்று சொன்னது பொய். தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் மருமகனிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. காலையில் ஆள் பேர் எழுதுவது, சாயங்காலம் காப்பிப் பழம் அளப்பதைப் பார்த்து எழுதுவது, நடுவில் மூடுபனியைப் பார்ப்பது. அதற்கு முன்னால் பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் இருந்தேன். பாலிடெக்னிக்கை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மலைமேல் அந்த ஒரு வருடத்தை நான் மூன்று வருடமாக நீட்டி வைத்திருந்தேன். பழக்கூழ் புளிக்கிற வாசனை சட்டையில் ஏறிய மாதிரி அந்தப் பெருமையும் என் மேல் ஏறிக் கிடந்தது.

தங்கியது சரசு அக்கா வீட்டுப் பக்கத்து அறையில். அவர் புருஷன் பழனியண்ணன் ஷேர் ஜீப் ஓட்டினார். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர் போவார்கள். டயர் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அடிக்கடி மூச்சை விட்டுவிடும். காற்றடிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். வழியில் காற்று இறங்கிப்போனால் கைப்பம்புதான். ஆளுக்கு இருபது அடி என்று முறை வைத்து அடிப்பார்கள். செம்மநத்தத்துப் பெரியவர் ஒருவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே தன் இருபதையும் அடித்து முடித்ததை நானே பார்த்திருக்கிறேன். சேவல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குரல் கொடுத்தது.

சரசு அக்கா எங்கள் எஸ்டேட்டில்தான் பழம் பறித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காய் கலந்து பறித்துவிட்டார் என்று மேஸ்திரி நாற்பது பெண்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினார். அக்கா இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தார்.

"இந்தாங்க, நல்ல பழமா நீங்களே பறிச்சுக்குங்க. நான் இனிமே வரலீங்க."

மறுநாள் ஆள் பேர்ப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்தவன் நான்தான்.

சேலத்தில் அவருடைய தம்பி ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடிக்கொண்டிருந்தார். அங்கிருந்த கம்ப்ரஸரை, "ஒரு மாசம் வெச்சுப் பாருக்கா, தோதுப்படலைன்னா திருப்பி அனுப்பு" என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். இரண்டு சக்கரம், பூசணிக்காய் மாதிரி ஒரு தொட்டி, அதன் தலையில் மோட்டாரும் பம்பும். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜீப்புக்கும் பைக்குக்கும் காற்றடிப்பது அக்காவின் திட்டம். பழனியண்ணனுக்கு இது பெரிய தமாஷ்.

"பொம்பள காத்தடிச்சா எவன் வண்டிய நிறுத்துவான்?" என்றார்.

"உங்க வண்டிய மொதல்ல நிறுத்துங்க. மத்தவன் தானா நிறுத்துவான்" என்றார் அக்கா.

மெஷின் ஓடும்போது தரை அதிரக்கூடாது என்று அடியில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு நிறுத்தினோம். ஓட விட்டோம். அரை மணி நேரம் ஓடியது. முள் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில் தூங்கி வழிந்தது. பழனியண்ணன் மீசைக்குள் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நீங்க இதுக்குத்தானுங்களே படிச்சீங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே எழுத்து. ஆனால் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். பம்பின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தேன். துடைத்தேன். திரும்ப மாட்டினேன். எல்லாம் முடிந்து கையைத் துடைக்கும்போது துணியில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது, நாக்கு மாதிரி மெல்லிசாக ஒரு எஃகுத் தகடு.

அது உள்ளே போக வேண்டியது என்பது வரை எனக்கு அறிவிருந்தது. ஆனால் வாசலில் எட்டுப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி கழற்றினால் என் மூன்று வருடப் படிப்பு என்னாவது? தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட விட்டேன். முள் இப்போது ஐந்துக்குக்கூட வரவில்லை. அடியோடு படுத்துவிட்டது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் என் வாயில் எது வந்து உட்கார்ந்ததோ தெரியவில்லை.

"மெஷின் மேல தப்பில்லீங்க. மலை மேல காத்து லேசு. இது கீழ்நாட்டு மெஷின். கீழ்நாட்டுக் காத்துன்னா கெட்டியா இருக்கும், புடிச்சு அமுக்கும். இந்தக் காத்து அதோட கைக்குச் சிக்க மாட்டேங்குது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பழனியண்ணன்தான் முதலில் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். கீழ போனா எனக்கே காது அடைக்குதுங்களே!"

மூன்றே நாளில் என் விஞ்ஞானம் மலை முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் பழனியண்ணன். ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தார். தலைச்சோலைக்காரர் ஒருவர் ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்கூட்டுப் பருப்பு வேகாததும் இதனாலதானுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்றேன். அது என்னவோ கொஞ்சம் உண்மையும்கூட என்று பின்னால் தெரிந்தது. அந்த மூன்று நாளும் ஜீப் ஸ்டாண்டில் எனக்கு எழுந்து நின்று இடம் விட்டார்கள்.

தகட்டை என் அறையில் காப்பிப் பொடி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். யாரும் இல்லாதபோது மாட்டிவிடலாம் என்பது யோசனை. ஆனால் அந்த வாசலில் யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று வரவே இல்லை. நான்காம் நாள் காலையில் மேஸ்திரி ஆபீசுக்கு வந்து, "சரசு பேரை அழிச்சுப்புட்டீங்களா? இருக்கட்டும், எழுத எடம் வெச்சிருங்க. அடுத்த வாரம் தானா வருவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தொண்டையைச் சரி செய்துகொண்டு போனேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு ஞாயித்துக்கெழமதானுங்களே? மெஷினை அடிவாரத்துக்கு எறக்கி, கெட்டிக் காத்துல ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம். அங்க ஓடுச்சுன்னா மெஷின் நல்ல மெஷின். ஓடலைன்னா அப்படியே சேலத்துல என் தம்பி ஊட்டுல போட்டுட்டு வந்தர்லாம். நீங்களும் வாங்க. நீங்க இல்லாம எப்படி?"

நான் வாயைத் திறந்தேன். "சரிங்கக்கா" என்ற சொல்தான் வந்தது.

இருபது கொண்டை ஊசி வளைவு. மெஷின் பின்னால் கயிற்றில் கட்டிக் கிடந்தது. நானும் ஏறக்குறைய அதே நிலைமையில் கிடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அக்கா திரும்பி, மிகவும் அக்கறையாகக் கேட்பார்.

"இங்க காத்து கெட்டியாயிருச்சுங்களா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் போகணுங்கக்கா."

"இப்ப?"

"லேசா ஆவுதுங்க."

அடிவாரத்தில் ஒரு டீக்கடைக்காரர் பிளக் கொடுத்தார். கடை முன்னால் மண் தரையில் மெஷினை இறக்கி ஓட விட்டோம். கெட்டிக் காற்றில் அது ஜோராக ஓடியது. முள் அசையவில்லை. பழனியண்ணன் மீட்டரைத் தட்டினார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அக்கா கடையில் கிடந்த பேப்பரிலிருந்து ஒரு துண்டு கிழித்துக் காற்று இழுக்கும் துவாரத்துக்கு முன்னால் பிடித்தார். பேப்பர் உள்ளே ஒட்டியது, வெளியே பறந்தது, உள்ளே ஒட்டியது, வெளியே பறந்தது.

"பாருங்க தம்பி. இழுக்கறதையும் இழுக்குது, அதே வழியில துப்பவும் துப்புது. உள்ள நிறுத்த ஒரு கதவு இருக்கோணுமில்லீங்க?"

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து அந்தத் தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காப்பி மணத்தது. வாராவாரம் அந்த டப்பாவில் பொடி அரைத்து நிரப்புகிறவர் அவர்தான் என்பது எனக்கு எப்படி மறந்ததோ!

"எப்பங்கக்கா பாத்தீங்க?" என்றேன்.

"வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன். ஊட்டுலயே கேட்டிருக்கலாந்தான். ஆனா நீங்க எத்தன தூரத்துக்குப் போவீங்கன்னு பாக்க நொம்ப ஆசையா இருந்துச்சுங்க. இருபது வளைவும் வந்துட்டீங்களே சாமி!" என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

ஜீப் ஸ்பானரை வைத்து ஹெட்டை மறுபடி கழற்றித் தகட்டை மாட்டினேன். இந்தத் தடவை பேப்பர் துவாரத்தில் ஒட்டிய இடத்தில் ஒட்டியே நின்றது. முள் எழுந்தது. பத்தை நெருங்கியது. அங்கேயே நின்றுவிட்டது, முதல் நாள் நின்ற அதே இடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் சிரிப்பும் நின்றுபோயிற்று.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஏனுங்க, அடியில மண்ணு பறக்குது, அது பறக்கோணுங்களா?" என்றார்.

குனிந்து பார்த்தோம். தொட்டியின் அடி வயிற்றில் ஒரு சின்னத் திருகு. உள்ளே சேருகிற தண்ணீரை வடித்துவிடுவதற்காக வைத்தது. ஏற்றி அனுப்பும்போது அக்காவின் தம்பி தண்ணீரை வடித்திருக்கிறார், மூட மறந்திருக்கிறார். வீட்டில் நாங்கள் போட்ட சாக்கு அந்தச் சீறலைக் குடித்துவிட்டது. அக்கா இரண்டு விரலால் திருகினார். முள் இருபது, நாற்பது, எண்பது என்று ஏறி நூறைத் தாண்டியதும் மெஷின் 'டக்' என்று தானே நின்றது. அந்த அமைதியில் நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலில் வாய் திறந்தவர் பழனியண்ணன். பாவம், முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரைட்டரே, மலை பூராவும் நான்தானுங்களே சொல்லி வெச்சிருக்கேன்! ஸ்டாண்டுல எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிப்பேன்?"

அக்கா தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஏன், பொய்யா சொன்னீங்க? இதுக்குள்ள இப்ப என்ன காத்து இருக்குது? கீழ்க்காத்து. கெட்டிக் காத்து. இதைக் கொண்டுட்டுப் போயி வெச்சா, பாலுக்கு உறை மோர் ஊத்துன மாதிரி மேல்காத்து இதுகூடச் சேந்து பழகிக்காதா?"

அப்படித்தான் நாங்கள் ஒரு தொட்டி அடிவாரக் காற்றை மலைமேல் கொண்டுபோனோம். உறை மோர் கதையை யாரும் சந்தேகிக்கவில்லை. அக்காவின் வாசலில் ஜீப்புகள் நின்றன. பழனியண்ணனின் வண்டி முதலாவதாக நின்றது. "அக்கா, கீழ்க்காத்து இன்னும் மிச்சமிருக்குதா?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். "அடியில கொஞ்சம் கெடக்குது, உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்" என்பார், முகம் மாறாமல். எனக்கு விதித்த தண்டனை, ஞாயிறுதோறும் அந்த அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. மலைப் பனிக்கு ஒரு சொம்பு வடியும், துரு வாசனையோடு.

ஒரு மழை நாளில் மேஸ்திரி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. முன்னால் மூன்று ஜீப். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரிசையில நில்லுங்க" என்றார்.

நின்றார். நனைந்துகொண்டே நின்றார். நான் ஆபீசுக்குப் போய், ஆள் பேர்ப் புத்தகத்தில் சரசு அக்கா பெயருக்காக அவர் இடம் வைக்கச் சொன்ன அந்தக் காலி வரியில் ஒரு கோடு இழுத்தேன்.

பிறகு நான் வேலை மாறிச் சேலம் வந்துவிட்டேன். பழனியண்ணன் காலமானதும், அக்கா மகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதும் யாரோ சொல்லித்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சக்குட்டைக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் ஒரு தங்கும் விடுதியின் கார் நிறுத்துமிடம், கல் பாவி, சுத்தமாக. குடை பிடித்த காவலாளி ஓடி வந்தார். இளைஞர்.

"யாருங்க வேணும்?"

சரசு அக்கா பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. ஜீப் பழனி என்றேன். தெரியவில்லை. வேறு எப்படி அடையாளம் சொல்வது என்று தெரியாமல், "இங்க காத்தடிக்கிற ஊடு ஒண்ணு இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "காத்துங்களா? டவுன்ல பங்க்குக்குப் போங்க சார். அங்க ஃப்ரீ."

டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் போனேன். சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, வரிசை இல்லை. எண்ணை அழுத்தினால் அதுவே ஏற்றியது, அதுவே நின்றது, 'பீப்' என்றது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.